மூன்று தரம் சொல்வதற்கு முன்!

ஏலத்தில் பழைய கார் எடுக்கப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

"ஒரு தரம்... இரண்டு தரம்..."

இந்தக் குரலைக் கேட்டதும் பரம சாதுவான மனிதருக்குக்கூட ரத்தம் கொஞ்சம் சூடேறிவிடும். சந்தையில் கத்தரிக்காய்க்கு ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் வாதாடுகிறவர், ஏல மைதானத்தில் ஒரே மூச்சில் ஐயாயிரம் ஐயாயிரமாக ஏற்றிக்கொண்டே போவார். காரணம் என்ன? எதிரே நிற்கிற ஆசாமி மீசையை முறுக்கிவிட்டார், அவ்வளவுதான்! "மூன்று தரம்!" என்று சொல்லி முடித்த பிறகுதான், தாம் வாங்கியிருப்பது என்ன என்று நிதானமாகத் திரும்பிப் பார்ப்பார். அப்போது பார்த்து என்ன பிரயோஜனம்?

இன்றைக்குப் பல ஏலங்கள் கைத் தொலைபேசியிலேயே நடக்கின்றன. மீசையும் இல்லை, மைதானமும் இல்லை. ஆனால் ரத்தம் சூடேறுவது மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டாசுப் பெட்டிக்கு அட்டை வெட்டிக் கொடுக்கும் சின்னத் தொழில். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. இருக்கன்குடி மாரியம்மனையும் திருச்செந்தூர் முருகனையும் குடும்பத்தோடு சொந்தக் காரில் போய்த் தரிசிக்க வேண்டும் என்று ஆசை. புதுக் கார் எட்டாத உயரத்தில் இருக்கிறது. பழைய கார் வியாபாரி சொல்லும் விலையும் கொஞ்சம் உயரந்தான். 'ஏலத்தில் எடுத்தால் பாதி விலை' என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள்.

"ஏங்க, சேலை எடுக்கப் போனாலே விரிச்சுப் பார்த்துத்தானே எடுக்கிறோம். காரை எப்படி விரிச்சுப் பார்ப்பீங்க?" என்று கேட்கிறாள் அண்ணாச்சியின் மனைவி.

லட்ச ரூபாய் பெறுமான கேள்வி! ஏலக் காரை ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்கவும் முடியாது. 'எங்கே இருக்கிறதோ அங்கே, எப்படி இருக்கிறதோ அப்படியே' என்பதுதான் ஏலத்தின் முதல் நிபந்தனை. ஆகவே, பார்வையிடுவதற்கென்று ஒதுக்கிய அந்த ஒரு நாள், இரண்டு நாள்தான் நமக்குக் கிடைத்த உரிமை. ஏலத்தில் லாபம் என்பது கேட்கிற இடத்தில் இல்லை. பார்க்கிற இடத்தில் இருக்கிறது.

எலுமிச்சம் பழத்தின் கதை

நம் ஊரில் கார் வாங்கியதும் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம் பழம் வைத்து நசுக்குகிறோம். அமெரிக்காவிலோ, வெளியே பளபளவென்று இருந்து உள்ளே சீக்கு நிறைந்த காருக்கே 'எலுமிச்சம் பழம்' என்று பெயர்! ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் 1970-ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விற்கிறவனுக்குக் காரின் குணம் தெரியும், வாங்குகிறவனுக்குத் தெரியாது. தெரியாதவன் பயந்துகொண்டு குறைந்த விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல காரை எவன் விற்பான்? நல்லவை எல்லாம் சந்தையை விட்டு விலக, எலுமிச்சம் பழங்களே மிஞ்சும் என்பது அவர் வாதம். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பிய அந்தக் கட்டுரை பிறகு வெளியாகி, 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமாயிற்று.

ஏலத்தில் இன்னும் ஒரு படி மோசம். அங்கே விற்கிறவருக்கே பல சமயம் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது! எந்த வாசல் வழியாகக் கார் ஏலத்துக்கு வந்தது என்று தெரிந்துகொண்டால், சீக்கு எங்கே இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

மூன்று வாசல்கள்

முதல் வாசல், கடன். தவணை கட்ட முடியாமல் போனவரிடமிருந்து பாங்கோ பைனான்ஸ் கம்பெனியோ எடுத்துக்கொண்ட கார். யாரோ ஒரு குடும்பத்தின் கஷ்டம் அதில் இருக்கிறது. தவணைக்கே திண்டாடியவர் ஆயில் மாற்றியிருப்பாரா, பிரேக் பார்த்திருப்பாரா என்று நினைத்துப் பாருங்கள். மற்றபடி, சில மாதங்களுக்கு முன்புவரை ஓடிய கார் என்பதால் மூன்றில் இதுவே மேல்.

இரண்டாவது வாசல், போலீஸ். 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மாவட்டப் போலீஸார் பத்திரிகையில் அறிவித்துப் பொது ஏலத்தில் விடுவது தமிழ்நாட்டில் வழக்கம். முன்பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். எடுத்தால் ஏலத் தொகையோடு வரியும் கட்ட வேண்டும். வெயிலிலும் மழையிலும் மாதக் கணக்காக, சில வருஷக் கணக்காகவும் நின்ற வண்டிகள் இவை.

அரசாங்க ஜீப் ஏலம் என்று முன்பெல்லாம் ஒரு மோகம் உண்டு. அது பழைய கதை. 2023 ஏப்ரல் 1 முதல், ராணுவம் முதலிய சில விலக்குகள் தவிர, 15 வருஷம் தாண்டிய அரசாங்க வண்டிகளின் பதிவு செல்லாது. அவை உடைப்பதற்கென்று அனுமதி பெற்ற கூடங்களுக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது வாசல், இன்ஷூரன்ஸ். இதுதான் நாம் மிகவும் பயப்பட வேண்டிய வாசல். ரிப்பேர்ச் செலவு, பாலிஸியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அந்தக் காரை 'டோட்டல் லாஸ்' என்று முடிவு கட்டி, சொந்தக்காரருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். மிஞ்சிய உடல் ஏலத்துக்குப் போகும். வாங்கிய சாமர்த்தியசாலி அதைக் கழுவி, துடைத்து, சென்ட் அடித்து வேறு ஊரில் இன்னொரு விற்பனைக்குக் கொண்டுவருவார்.

எந்த ஊரில்? தண்ணீரே பார்க்காத ஊரில்!

வெள்ளத்தில் குளித்த கார்

2015 டிசம்பரில் சென்னை வெள்ளம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மறுபடியும் சென்னை, மிக்ஜாம் புயல். அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வறண்ட சிவகாசிப் பக்கத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்கிற மழையே ஏறக்குறைய அவ்வளவுதான்! ஒவ்வொரு வெள்ளத்திலும் கார்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. தூத்துக்குடியிலிருந்து விஸ்வநத்தத்துக்கு லாரியில் சில மணி நேரப் பிரயாணந்தான்.

தண்ணீர் அப்படி என்ன செய்துவிடும்? என்ஜினுக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால், மேலே போகிற பிஸ்டன் தண்ணீரில் முட்டிக்கொண்டு, அதைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்து போகும். அது உடனே தெரிகிற நோய். தெரியாத நோய் ஒன்று உண்டு. இன்றைய கார் முழுக்க மின்சார நரம்புகள். பிரேக், ஸ்டியரிங், உயிர் காக்கும் காற்றுப் பை எல்லாவற்றுக்கும் சின்னச் சின்னப் பெட்டிகளும் இணைப்புகளும் உண்டு. அவற்றில் புகுந்த சேற்றுத் தண்ணீர் மெதுவாக அரிக்கும். வாங்கிய அன்று கார் ஓடும்; ஆறு மாதம் கழித்து ராத்திரி நேரத்தில், திருச்செந்தூர் ரோட்டில், குழந்தைகள் பின்சீட்டில் தூங்குகிறபோது நின்று போகும். நின்று போனால்கூடப் பாதகமில்லை. மோதுகிற சமயத்தில் காற்றுப் பை விரியாமல் போனால் அல்லவா ஆபத்து!

விஸ்வநத்தத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். லேபிள் எவ்வளவு பளபளத்தாலும், ஒரு முறை நனைந்த சரக்கை அவர்கள் நம்புவதில்லை. காருக்கும் அதே நியாயந்தான்.

மூக்கு, கண், கை

நனைந்த காரைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டார்ச் லைட், ஒரு பழைய துணி, ஒரு சின்னக் காந்தம் போதும்.

முதலில் மூக்கு. கதவைத் திறந்ததும் தலையை உள்ளே விடுங்கள். புழுங்கிய வாடை வந்தால் சந்தேகப்படுங்கள். சென்ட் வாடை மூக்கைத் துளைத்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள்!

அடுத்து, சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுங்கள். சீட்டைக் கழுவுகிறவர்கள் சுருண்டு கிடக்கும் பெல்ட்டின் அடிப்பகுதியைக் கழுவ மறந்துவிடுவார்கள். அங்கே சேற்றுக் கறை கோடு போட்டிருந்தால், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று அதுவே சொல்லிவிடும்.

தரை விரிப்பைத் தூக்கிக் கீழே விரலை அழுத்துங்கள். ஈரமா, மணலா என்று தெரியும். சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா? டிக்கியில் ஸ்டெப்னி சக்கரத்தை எடுத்துவிட்டு அந்தக் குழியில் டார்ச் அடியுங்கள். வண்டல் படிந்திருந்தால் அது கடலோரமோ ஆற்றோரமோ பார்த்த காராக இருக்கும். டேஷ் போர்டுக்கு அடியில் ஓடும் ஒயர் முனைகளில் பச்சைப் பூச்சு, ஹெட்லைட் கண்ணாடிக்குள் பனி மூட்டம், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் மண் கோடு எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

பானெட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துத் துணியில் துடையுங்கள். ஆயில் கறுத்திருந்தால் பரவாயில்லை, பழைய ஆயில். பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுங்கள்.

சாவி கிடைத்தால், ஸ்டார்ட் செய்யாமல் 'ஆன்' நிலைக்கு மட்டும் திருப்பிப் பாருங்கள். காற்றுப் பை விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால், கோளாறு தெரியக் கூடாது என்று யாரோ விளக்கைக் கழற்றியிருக்கலாம்.

அடிபட்ட காரும் அலங்காரமும்

பல ஊரில் பல கை மாறிய காருக்கு டிங்கரிங், பட்டி, பெயிண்ட் என்று மூன்று அலங்காரம் உண்டு. அலங்காரத்தை மத்தியான வெயிலில் பார்க்காதீர்கள், கண் கூசும். காலையிலோ மாலையிலோ, காரின் ஒரு மூலையில் குனிந்து நின்று, பக்கவாட்டில் நீளமாகப் பாருங்கள். நேர்க்கோடு நெளிகிறதா, ஒரு கதவின் நிறம் மட்டும் ஒரு பொட்டு மாறுகிறதா என்று தெரிந்துவிடும். சந்தேகமான இடத்தில், துணி சுற்றிய காந்தத்தை வையுங்கள். இரும்புத் தகட்டில் ஒட்டும்; பட்டி தடவிய இடத்தில் வழுக்கும். (பம்பர் பிளாஸ்டிக் ஆயிற்றே, அங்கே ஒட்டவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள்!)

பானெட்டையும் கதவையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் ஸ்பானர் பட்ட தழும்பு இருந்தால், அவை ஒரு தடவையாவது கழற்றி மாட்டப்பட்டவை. கதவு இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். வெளித் தகடு கசங்கினால் சரிசெய்யலாம். உள்ளே எலும்புக் கூடு வளைந்திருந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது. முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

டயரின் பக்கச் சுவரில் ஒரு நாலு இலக்க எண் இருக்கும். 1821 என்றால், 2021-ம் வருஷத்தின் 18-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். ஓடிய தூரம் காட்டும் மீட்டரை யாரும் திருப்பி வைக்கலாம். கால்மிதி ரப்பரைத் திருப்பி வைக்க முடியாது. மீட்டர் 30,000 கிலோமீட்டர் காட்டி, பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், ரப்பரை நம்புங்கள்.

என்ஜினை ஓட விட்டுக் காட்டினால், முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஒரு ஒத்திகை நடந்திருக்கிறது! குளிர்ந்த என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி. சைலென்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அளவுக்கு மீறிச் செலவாகிறது.

போலீஸ் மைதானத்துக் காரில் பெரும்பாலும் இதெல்லாம் நடக்காது. பாட்டரி செத்திருக்கும், சாவியே இருக்காது. எலி கூடு கட்டி ஒயரைக் கடித்திருக்கும். டயர் வெடித்திருக்கும். ஓட்டிப் பார்க்க முடியாத எதையும் கெட்டுப் போனதாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள். அங்கே இரக்கம் காட்டினால் பணம் போகும்.

காகிதமும் ஒரு கார்தான்

கார் நன்றாக இருந்து காகிதம் சரியில்லை என்றால், வீட்டு வாசலில் ஒரு விலையுயர்ந்த கோழிக் கூடு நிற்கும், ரோட்டில் ஓடாது.

காரில் பொறித்திருக்கும் 17 இலக்க சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். பொறித்த இடத்தில் அரம் போட்ட அடையாளம் இருந்தால் கிட்டே போகாதீர்கள். வண்டி நம்பரை மத்திய அரசின் 'பரிவாகன்' தளத்தில் தட்டினால், எந்த வருஷத்து வண்டி, இன்ஷூரன்ஸ் உண்டா, கடன் பாக்கி இருக்கிறதா என்ற விவரங்கள் வரும். கட்டாத அபராதச் சலான்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றப் போகும்போது அவை வந்து வழிமறிக்கும்.

அரசாங்கம் நடத்தும் பொது ஏலத்தில் எடுத்த வண்டியைப் பெயர் மாற்றுவதற்கென்றே 32-ம் நம்பர் படிவம் இருக்கிறது. வண்டியைக் கையில் வாங்கிய 30 நாளைக்குள், ஏலத்தை உறுதி செய்யும் உத்தரவோடு ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொடுக்க வேண்டும். பைனான்ஸ் கம்பெனி ஏலமானால், கடன் நீங்கியதற்கான 35-ம் நம்பர் படிவம் வேண்டும். பழைய சொந்தக்காரர் ஆர்.சி. கொடுக்க மறுத்திருந்தால், கம்பெனி தன் பெயருக்கு ஆர்.சி. வாங்க 36-ம் நம்பர் படிவம் உண்டு. 'எந்தக் காகிதம், எத்தனை நாளில், யார் கையெழுத்தோடு தருவீர்கள்?' என்ற கேள்வியை ஏலத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் காரும் மழுப்பலானதுதான்.

ஜப்பான்காரரின் சீட்டு

ஜப்பானில் பழைய கார் ஏலம் ஒரு பெரிய சாஸ்திரம். ஏலக் கூடத்தின் பரிசோதகர் ஒவ்வொரு காரையும் பார்த்து, ஒரு சீட்டில் காரின் படம் வரைந்து, கீறல், பள்ளம், ரிப்பேர் செய்த இடம் எல்லாவற்றையும் எழுத்தாலும் எண்ணாலும் குறித்துவிடுவார். மொத்தத்துக்கு மதிப்பெண்ணும் உண்டு. விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த காருக்கு மதிப்பெண்ணுக்குப் பதில் 'ஆர்' என்ற எழுத்து விழும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஜப்பான் கார் வாங்குகிற நம்மவர்கள் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.

நம் ஏலங்களில் அப்படிச் சீட்டு கிடைக்காவிட்டால் என்ன? சிவகாசியில் நோட்டுப் புத்தகத்துக்கா பஞ்சம்! ஒரு தாளில் காரை மேலிருந்து பார்ப்பதுபோல் ஒரு கட்டம் வரைந்து, பார்த்த குறைகளை அந்தந்த இடத்தில் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். பத்துக் கார் பார்த்தால் பத்துத் தாள். வீட்டுக்கு வந்து பரப்பி வைத்தால், மைதானத்தில் கண்ணைப் பறித்த சிவப்புக் கார் தாளில் குறி நிரம்பிக் கிடக்கும். மூலையில் தூசி படிந்து நின்ற வெள்ளைக் கார் சுத்தமாக இருக்கும். தெரிந்த மெக்கானிக் ஒருவரை ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்துப் போனால் இன்னும் நல்லது. தொலைபேசியில் வரும் புகைப்படத்தைப் பார்த்து ஏலம் கேட்பது, லேபிளைப் பார்த்து வெடி வாங்குவது போலத்தான்.

வீட்டிலேயே போட வேண்டிய கணக்கு

இனி அண்ணாச்சியின் கணக்கு. அவர் பார்த்து வைத்த கார், நல்ல நிலையில் வெளியே 3,00,000 ரூபாய் போகும் என்று வைத்துக்கொள்வோம். நாலு டயர் 18,000, பாட்டரி 5,000, ஆயில், பெல்ட், பிரேக் வேலை 20,000, டிங்கரிங், பெயிண்ட் 10,000, பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் வகையில் 25,000, இழுத்து வருகிற கூலி 5,000. இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத கோளாறுக்கு 40,000. ஆக மொத்தம் 1,23,000. மிச்சம் 1,77,000.

அப்பாடா என்று அதையே கேட்டுவிடக் கூடாது! ஏலத் தொகைக்கு மேல் வரி 18 சதவீதம் என்று அறிவிப்பில் போட்டிருந்தால், அதுவும் இந்த 1,77,000-க்குள் அடங்க வேண்டும். அப்படியானால் அவர் வாய் திறந்து கேட்கக்கூடிய உச்சத் தொகை 1,50,000 தான். அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். 'நாம் சம்மதித்த தொகை இது' என்று ஒரு சாட்சி இருந்தால், எதிராளியின் மீசை எவ்வளவு முறுக்கினாலும் மனசு முறுக்காது.

ஏல அறிவிப்பை மூன்று முறை படிக்க வேண்டும். முன்பணம் எப்போது திரும்பும், மீதிப் பணம் எத்தனை நாளில் கட்ட வேண்டும், கட்டத் தவறினால் முன்பணம் போய்விடுமா, வண்டியை எந்தத் தேதிக்குள் எடுத்துப் போக வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

இன்னொன்று. நாமும் ஒரு நாள் அந்தக் காரை விற்கத்தான் போகிறோம். அப்போது வாங்க வருகிறவர் டார்ச் லைட்டும் துணியும் கொண்டு வந்தால் முகம் சுளிக்காதீர்கள். பானெட்டை நீங்களே திறந்து கொடுங்கள்.

இத்தனை பார்த்து, இத்தனை கணக்குப் போட்டும், ஏலம் 1,55,000-க்குப் போய்விட்டால்? பேசாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான். வெறுங்கையோடு வந்தால் அவமானம் ஒன்றுமில்லை. அடுத்த மாதம் வேறு ஏலம் வரும். சீட்டுப் பணம் மறுபடி வர இன்னும் எத்தனை தவணை கட்ட வேண்டும் என்பது கட்டியவர்களுக்குத்தான் தெரியும்!